சதுப்பு நிலப் பாசி

மழைக்காலத்தில் கிணற்றுப் படியிலும் பழஞ்சுவரிலும் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் படர்வதைப் பாசி என்கிறோம். குளத்து நீரில் இழை இழையாக மிதப்பதையும் பாசி என்றே வழங்குகிறோம். பசுமை என்னும் பண்பினடியாகப் பிறந்த இச்சொல், நிறம் ஒன்றையே நோக்கி, இருவேறு உயிர்வகைகளுக்கு ஒரு பெயரைத் தந்துவிட்டது. நிலைத்திணை நூலார் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளார். நீரில் இழையாக மிதப்பது ஆல்கா. தண்டும் இலையும் போன்ற உறுப்புகளைப் பெற்று, மெத்தையெனப் படர்வது மாஸ். இப்பாடத்தில் பாசி என்று கூறுவதெல்லாம் பின்னதையே குறிக்கும்.

மாஸ் வகையைச் சேர்ந்த சிற்றினங்கள் உலகில் ஏறக்குறைய 12,000 உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை விரற்கடை உயரமும் இல்லாதவை; காலால் மிதித்துச் செல்வோர் கண்ணில் அவை படுவதில்லை. ஆயினும், அவற்றுள் ஒரு பேரினம் மட்டும் நாடுகளின் நிலத்தோற்றத்தையே மாற்றியிருக்கிறது. அதற்கு ஸ்பாக்னம் என்று பெயர். அப்பேரினத்தில் 300க்கு மேற்பட்ட சிற்றினங்கள் அடங்கும். வடகோளத்தின் குளிர்நாடுகளில் பல்லாயிரக்கணக்கான சதுர மைல்களில் பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்கள் பலவற்றை ஆக்கியது இச்சிறு பாசியே என்றால், அது மிகையன்று.

இப்பாசியின் உடலமைப்பை முதலில் அறிதல் வேண்டும். தண்டு மெல்லியது, வளர்ந்த செடிக்கு வேர் போன்ற இழைகளும் இல்லை. தண்டின் பக்கங்களிற் சிறு கிளைகள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். ஒவ்வொரு கொத்திலும் சில கிளைகள் வெளிநோக்கி நீண்டிருக்கும்; சில தண்டை ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும். தண்டின் நுனியில் இளங்கிளைகள் நெருங்கி, மயிர் முடிந்த கொண்டை போலத் திரண்டிருக்கும். நுனி மேன்மேலும் வளர, அடிப்பகுதி ஒளியின்றி மடிந்துகொண்டே வரும்.

இலையின் அமைப்பே வியப்பிற்குரியது. அதற்கு நடு நரம்பு இல்லை. கனம் ஓர் உயிரணு அளவே. அவ்வுயிரணுக்களும் ஒரு தன்மையன அல்ல. பச்சையம் நிறைந்த, ஒடுங்கிய, உயிருள்ள அணுக்கள் ஒருவகை. அகன்ற, நிறமற்ற, உள்ளீடு அற்றுப்போன வெற்றணுக்கள் மற்றொரு வகை. வலையின் கயிறுபோல முன்னவை பின்னிக் கிடக்க, வலைக்கண் போல இடையிடையே பின்னவை அமைந்திருக்கும். இறந்த அணுக்கள் பயனற்றவை என்று எண்ணிவிடலாகாது. அவற்றின் சுவர்களில் நுண்ணிய துளைகள் உள்ளன. உட்புறத்தில் சுருள் சுருளான தடிப்புகள் தாங்கி நிற்பதால் சுவர் ஒடுங்கி விழுவதில்லை. மழைநீர் துளை வழியே புகுந்து அங்கே தங்கிவிடுகிறது. உயிருள்ளவை உணவு சமைக்க, உயிரற்றவை நீர் சுமக்கின்றன. உலர்ந்த பாசி தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை ஏற்க வல்லது. கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், நனைந்த துணியிலிருந்து வடிவதுபோல நீர் வடியும். நீர் வற்றிய காலத்தில் வெற்றணுக்களிற் காற்றுப் புகுவதால் பாசி வெளுத்துத் தோன்றும்.

இதன் இனப்பெருக்கமும் தனிப்போக்குடையது. இரண்டு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத உருண்டையான வித்துச் சிமிழ்கள் சிறு காம்பின்மேல் நிற்கும். வெயிலில் உலர உலரச் சிமிழ் பக்கவாட்டில் ஒடுங்கி உருளை வடிவம் கொள்கிறது. உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு, ஒரு கணத்தில் மூடியைத் தெறித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஸ்போர் என்னும் நுண்வித்துகள் பத்துச் சென்டிமீட்டருக்கும் மேலான உயரத்திற்கு வீசப்படுகின்றன. இத்துணை இலேசான தூள் காற்றின் தடையை மீறி அவ்வளவு உயரம் எழுவது எவ்வாறு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 2010ஆம் ஆண்டில் அதிவேக ஒளிப்படக் கருவியால் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், வெளிப்படும் காற்று புகைவளையம் போன்ற சுழல்வளையமாகி வித்துகளை ஏந்திச் செல்வதைக் கண்டறிந்தனர். நிலத்தை ஒட்டிய காற்று அசைவற்றது. சற்று மேலே சென்றாலன்றி வித்து தொலைவு செல்லாது. அதற்கே இத்தனை ஏற்பாடும்.

இனி, வகைப்பாட்டிற்கு வருவோம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஸ்பாக்னம் என்னும் பெயர் இடம்பெற்றது. பூவாத் தாவரங்களையெல்லாம் அவர் தம் இருபத்து நான்காம் வகுப்பில் ஒருங்கே அடக்கிவிட்டார். அவற்றின்பால் அவருக்கு ஆர்வம் மிகுதியாக இருந்ததாகத் தோன்றவில்லை. மாஸ்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து முறைப்படுத்தியவர் ஹெட்விக் என்னும் மருத்துவர். அவர் 1799இல் மறைந்தார். அவருடைய பெருநூல் 1801இல் வெளிவந்தது. ஆதலின் மாஸ்களின் அறிவியற்பெயர்களுக்கு அவ்வாண்டே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஸ்பாக்னம் குடும்பத்திற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதன் பெயர்கள் லின்னேயஸின் 1753ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. பின்னர் வந்த ஜெர்மானியரான வார்ன்ஸ்டார்ஃப், உலகத்து ஸ்பாக்னங்கள் அனைத்தையும் தொகுத்து 1911இல் ஒரு பெருநூல் செய்தார். அவர் பெயரால் வழங்கும் சிற்றினம் ஒன்றும் உண்டு.

இப்பேரினத்தைப் பல பிரிவுகளாகப் பகுப்பர். கிளையிலைகள் அகன்று, நுனி முக்காடுபோல் வளைந்திருப்பவை ஒரு பிரிவு; ஸ்பாக்னம் பலுஸ்திரே இதைச் சார்ந்தது. மெல்லிய உடலும், பெரும்பாலும் செம்மை அல்லது பழுப்பு நிறமும் கொண்டவை அக்யூட்டிஃபோலியா. நீரில் மூழ்கியும் மிதந்தும் வாழ்பவை பல அடங்கியது கஸ்பிடேட்டா. இலைநுனி புறம்நோக்கி மடிந்து, முள்முள்ளாகத் தோன்றுவன ஸ்குவரோசா. வேறு சில பிரிவுகளும் உள. அவற்றையெல்லாம் ஈண்டு விரிப்பிற் பெருகும்.

நிறத்தை நம்பிப் பெயரிடலாகாது. ஒரே சிற்றினம் நிழலில் பசுமையாகவும் வெயிலில் செந்நிறமாகவும் இருக்கும். இலையைக் குறுக்காக நறுக்கி நுண்ணோக்கியில் நோக்கினால், பச்சையணு முக்கோணமாகத் தோன்றும். அதன் அகன்ற பக்கம் இலையின் உட்குழிந்த புறத்தில் இருந்தால் அக்யூட்டிஃபோலியா. வெளிவளைந்த புறத்தில் இருந்தால் கஸ்பிடேட்டா. ரகர றகரங்களின் வேறுபாட்டைச் சிறிதென்று கருதுவோர் மரத்தையும் மறத்தையும் மயங்குவர் அன்றோ? இங்கும் அத்தகைய நுண்மையே பிரிவை உணர்த்துகிறது. இவ்வளவு ஆய்ந்தும் அறிஞர்க்குத் தவறு நேர்வதுண்டு. மகெல்லானிக்கம் என்னும் பெயரால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கிய செம்பாசி ஒரே சிற்றினம் அன்று என்பது மரபுப்பொருள் ஆய்வினால் தெளிவாயிற்று. 2018இல் வடகோளத்துப் பாசிகளை டிவினம், மீடியம் என இரண்டாகப் பிரித்தனர். மகெல்லானிக்கம் என்னும் பழம்பெயர் தென்னமெரிக்கப் பாசிக்கே உரியதாயிற்று. பெயர் மாற்றத்தை வீண் தொல்லை என்பாரும் உளர். நான் அக்கருத்தினன் அல்லன். பொருள் வேறெனத் தெரிந்த பின்னும் சொல்லை ஒன்றாகவே வைத்திருத்தல் முறையன்று.

இனி, இப்பாசிகள் வாழும் இடம். மேலே நின்று நோக்குவார்க்குச் சதுப்பு ஒரே சமனாகத் தோன்றும். உள்ளே இறங்கியவர்க்கோ அது மேடும் பள்ளமும் குட்டையுமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வாழும் சிற்றினம் வேறு. குட்டைநீரில் வாழ்வது கஸ்பிடேட்டம். வெளியே எடுத்தால் நீரில் நனைந்த பூனைக்குட்டிபோல் ஒட்டிச் சுருண்டு கிடக்கும். குட்டைக்கு அயலே, நீர்மட்டத்திற்குச் சற்று மேல், பாப்பிலோசம் முதலியன பாய் விரிக்கும். மேட்டின் உச்சியில் பழுப்பு நிறமான ஃபஸ்கம் நெருங்கி வளரும். மேட்டில் வாழும் பாசிக்கு நீர் எட்டுவது எங்ஙனம்? தொங்கும் கிளைகள் தண்டை நெருங்கிச் சூழ்ந்திருப்பதால், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்ணிடைவெளிகளின் வழியே நீர் மேலேறுகிறது. தனித்து நின்றால் வறண்டுவிடும். கூட்டமாக நிற்பதனாலேயே அது பிழைக்கிறது. சதுப்பிலன்றிக் காட்டு நிழலிலும் ஓடைக் கரையிலும் ஓரளவு உரமுள்ள நீரில் வாழும் சிற்றினங்களும் இருக்கின்றன. ஸ்குவரோசம் அவற்றுள் ஒன்று.

தான் வாழும் இடத்தைத் தனக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வன்மை இப்பாசிக்கு உண்டு. மழைநீரில் உள்ள கால்சியம் முதலிய சத்துக்களைத் தன் உயிரணுச் சுவரிற் பற்றிக்கொண்டு, அவற்றிற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. அதனால் சூழ்ந்த நீர் புளிப்பேறி அமிலத் தன்மை அடைகிறது. புளித்த, சத்தற்ற, காற்றோட்டமில்லாத அந்நீரில் பிற செடிகள் தழைத்தல் அரிது. பூச்சியைப் பிடித்துண்ணும் திரோசெரா போன்ற சிலவே ஆங்கு இடம் பெறுகின்றன. அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் அங்கே மெலிகின்றன. எனவே, மடிந்த பாசி மக்காமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. இதுவே பீட் என்றும் முற்றா நிலக்கரி என்றும் கூறப்படுவது. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே அது உயரும். ஓர் ஆள் உயரம் சேர, ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் வேண்டும்.

அழியாமற் காக்கும் இவ்வியல்புக்கு ஒரு சான்று உண்டு. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் டென்மார்க்கின் சில்கபோர் நகருக்கு அருகே பீட் வெட்டிக்கொண்டிருந்தோர் ஓர் ஆணின் உடலைக் கண்டனர். முகத்தில் குறுந்தாடி மயிர் தெரிந்தது. தலையில் தோற்குல்லாய் இருந்தது. கழுத்தில் கயிறு இருந்தது. அண்மையில் நிகழ்ந்த கொலை என்று அஞ்சிக் காவலர்க்கு அறிவித்தனர். ஆராய்ந்தபோது, அம்மனிதன் இற்றைக்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் எனத் தெரிந்தது. டோலண்டு மனிதன் என்று அவனை வழங்குவர். உறங்குவான் போன்ற அம்முகத்தைச் சில்கபோர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

முதல் உலகப்போரில் இப்பாசி மருந்துச்சாலைக்கும் சென்றது. வெடிமருந்து செய்யப் பஞ்சு மிகுதியாகத் தேவைப்பட்டமையால், புண்கட்டுதற்குப் பஞ்சு கிடைப்பது அரிதாயிற்று. எடின்பரோ அறுவை மருத்துவர் காத்கார்ட்டும் நிலைத்திணை அறிஞர் பால்ஃபரும் ஸ்பாக்னத்தைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தனர். ஸ்காட்லாந்தின் சதுப்புகளிற் பெண்டிரும் சிறாரும் இறங்கிப் பாசி திரட்டினர். குப்பை நீக்கி உலர்த்தி, மெல்லிய துணிப்பைகளில் நிரப்பிப் போர்முனைக்கு அனுப்பினர். எந்தப் பாசியையும் அள்ளி அனுப்பிவிட முடியாது. நன்கு நீருண்ணும் பாப்பிலோசமும் பலுஸ்திரேயும் வேண்டும். வகைப்பாட்டறிவு வீரர்தம் குருதியை நிறுத்தப் பயன்பட்டது இவ்வாறு.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கே. அவற்றுள் எல்லாமே ஸ்பாக்னத்தால் ஆனவை அல்ல. ஆயினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கார்பன் அந்நிலங்களிற் புதைந்து கிடக்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், காற்றுப் புகுந்து பீட் மக்கத் தொடங்குகிறது; கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலர்ந்த பீட்டில் தீப்பற்றினால் அணைப்பது அரிது. 2010ஆம் ஆண்டுக் கோடையில் மாஸ்கோ நகரைப் பல நாள் மூடிய புகைக்கு, முன்னர் நீர் வடிக்கப்பட்ட சதுப்புகள் எரிந்ததும் ஒரு காரணமாகும்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஃபுளோ கன்ட்ரி என்னும் பெருஞ்சதுப்பு உள்ளது. 1970, 1980களில் வரிச்சலுகையை நாடியோர் அங்கே ஆழக் கால்வாய் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டனர். மரம் நடுதல் நன்று என்பதை யாவரும் அறிவர். ஆனால் அங்கே நட்ட மரம் நிலத்தைக் கெடுத்தது. 1988இல் அச்சலுகை நீக்கப்பட்டது. பின்னர் மரங்களை வெட்டிக் கால்வாய்களை அடைக்கும் பணி தொடங்கியது. 2024இல் அச்சதுப்பு யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இத்தகைய சதுப்புகளில் அடைபட்ட கால்வாயில் நீர் தேங்கியதும் முதலில் வந்து படர்வது குட்டைவாழ் கஸ்பிடேட்டம். அது நீரை மூடி நிரப்பிய பின்னரே பாப்பிலோசம் போன்றவை கால்கொள்ளும். மேட்டுப் பாசிகள் வந்து சேரப் பல்லாண்டுகள் செல்லும்.