தென்புலத்தார் யாவர்?

மறைந்த முன்னோரைக் குறிக்கும் தொன்மையான தமிழ்ச்சொல் 'தென்புலத்தார்' என்பதாகும். புலம் என்பது இடம், திசை எனப் பொருள்படும். தென்திசையைத் தமக்கு இடமாகக் கொண்டவர் என்பது இதன் நேர்ப்பொருள். அத்திசைக்குக் காவலன் இயமன். தர்ப்பணம் செய்வோர் தெற்கு நோக்கி அமர்ந்து எள்ளும் நீரும் இறைப்பதும் இதுபற்றியே.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரே முதலில் நிற்கின்றனர். தெய்வமும் அடுத்தே வைக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது. உரை வகுத்த பரிமேலழகர், இவர்களைப் படைப்புக் காலத்தில் நான்முகனால் தோற்றுவிக்கப்பட்ட பிதிரர் என்னும் தேவ வகுப்பினர் என்பார். பிற்கால உரையாளர் பலர் குடியில் வாழ்ந்து மறைந்தோர் என்றே கொள்வர். மக்கள் வழக்கும் அதுவே. மன்னனுக்குரிய வரி ஆறில் ஒன்றானதற்கும் அவ்வுரையாசிரியர் காரணம் காட்டுகிறார்: எஞ்சிய ஐந்து கூறும் இவ்வைவருக்கு வேண்டும் என்பதாம்.

வடமொழியில் இவர்கள் பித்ருக்கள் எனப்படுவர். தந்தையைக் குறிக்கும் சொல்லே அது. தர்ப்பணம் என்பது நிறைவுறச் செய்தல்; சிராத்தம் என்பது சிரத்தையோடு செய்வது. ஆவி என அஞ்சி விலக்குதற்கு இச்சொற்களில் இடமே இல்லை. பெற்றோருக்குப் பசியாற இடும் அன்பே இவற்றின் உட்பொருள்.

சங்க நூலாகிய புறநானூற்றில் இது 'கடன்' எனப்படுகிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டில், போர் தொடங்குமுன் அரண் தேடிச் செல்லுமாறு சிலருக்கு அறிவிக்கப்படுகிறது. பசுக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர் ஆகியோரோடு, தென்புலத்தாருக்குரிய கடனை ஆற்றப் புதல்வரைப் பெறாதவரும் அதில் இடம்பெறுகின்றனர். அவர் மடிந்தால் அக்குடியின் முன்னோர்க்கு நீர் இறைக்க எவரும் இரார் என்ற கவலையே காரணம். பகைவர் குடியின் முன்னோரும் பசித்திருத்தல் ஆகாது எனக் கருதிய போரறம் அது!

அவ்வாறாயின் மக்கட்பேறு இல்லாது மறைந்தோர் நிலை யாது? இவ்வினா இன்றும் பலர் உள்ளத்தை வருத்துவதாகும். மகாளய பட்சத்தில் தாய் தந்தை வழியினர் மட்டுமன்றி, சிற்றப்பன், அத்தை, உடன்பிறந்தார், ஆசிரியர், நண்பர் ஆகியோருக்கும் 'காருணிக பித்ருக்கள்' என நீர் வார்க்கும் வழக்கு உண்டு. தர்ப்பணத்தின் நிறைவிலோ, தாயோ தந்தையோ சுற்றமோ இல்லாத எவர்க்கும் என்று கூறித் தருப்பையை அவிழ்த்து ஒரு கை நீர் விடப்படுகிறது. அந்நீருக்குப் பெயரும் கோத்திரமும் வேண்டுவதில்லை.