ஒளுவில் வாய் கொப்பளிப்பு: பல்லுக்கு அது மட்டும் போதுமா?

ஐந்து வேளைத் தொழுகைக்கும் புதிதாக ஒளு செய்பவர், வேளைக்கு மும்முறையாக ஒரு நாளில் 15 முறை வாய் கொப்பளிக்கிறார். ஒளுவின் கடமைகளைச் சொல்லும் குர்ஆன் வசனம் (5:6) முகம், கை, தலை, கால் ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. வாய் கொப்பளிப்பதன் முறை நபிகளாரின் நடைமுறையிலிருந்து வந்தது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் அது ஒளுவின் சுன்னத், ஹன்பலியில் கட்டாயம். கடமையான குளிப்பில் ஹனஃபிகளுக்கும் அது ஃபர்ளு.

தண்ணீர் செய்யும் வேலை

சாப்பிட்டதும் பல்லிடுக்கில் தங்கும் மாவும் சர்க்கரையும் கிருமிகளுக்குத் தீனி. அவற்றைத் தின்று கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் நன்றாகக் கொப்பளித்தால் உணவு மிச்சமும் அமிலமும் ஓரளவு வெளியேறும்.

பால் அருந்திய நபிகளார், அதில் கொழுப்பு இருக்கிறதென்று சொல்லி வாய் கொப்பளித்ததாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. கைபர் அருகே மாவுணவு உண்டபின், மறுபடி ஒளு செய்யாமல் வாயை மட்டும் கொப்பளித்து மஃரிப் தொழுத செய்தியும் அதில் உண்டு. உணவுக்குப் பின் கொப்பளிக்கும் இந்தப் பழக்கத்தை நம் வீடுகளில் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவசரத்தில் தண்ணீரை வாயில் வைத்த கையோடு துப்பிவிடுவதால் பயன் குறைவு. இரு கன்னங்களுக்கும் தள்ளி, பல்லிடுக்கு வழியே அலசித் துப்ப வேண்டும். குழாயை ஓடவிடத் தேவையில்லை.

பிரஷ் எப்போது?

பல்லில் ஒட்டும் கிருமிப் படலம் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். மிஸ்வாக் குச்சி அதற்கு உதவும். ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்கு அது எளிதில் எட்டாது.

பலர் கவனிக்காத ஒன்று: ஃப்ளோரைடு பற்பசையால் தேய்த்த உடனே கொப்பளித்தால், பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். ஆகவே ஒளுவின்போது மிஸ்வாக் செய்யுங்கள். இஷா தொழுது, இரவு உணவும் முடிந்தபின், படுக்கப் போகுமுன் 2 நிமிடம் பிரஷ் செய்து நுரையை மட்டும் துப்புங்கள். காலையில் ஃபஜ்ரு தொழுதபின் இன்னொரு முறை. தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். அதனால் இரவுத் தேய்ப்பைத் தவறவே விடக்கூடாது.

நோன்புக் காலத்தில்

பகலில் உமிழ்நீர் குறைந்து வாய் உலரும். ஒளுவில் கொப்பளிக்கலாம்; தண்ணீர் தொண்டைக்குள் இறங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சஹர் உணவு முடிந்ததும், பாங்குக்கு முன்பே பிரஷ் செய்துவிடுங்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், சர்பத் என்று இனிப்பு அடுத்தடுத்து வாய்க்குள் போகும். பின்னாலேயே வரும் மஃரிப் ஒளுவில் நிதானமாகக் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது.

துப்பும் நீரைப் பாருங்கள்

அடிக்கடி இரத்தம் கலந்து வந்தால் ஈறு நோய் இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வரும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். பாக்கு, புகையிலை போடுபவர்கள் வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். 2 வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.