உடம்பு சொல்லாததை ரத்தம் சொல்லும்

1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி நிர்மலா செல்லப்பன், ரத்த மாதிரிகள் அடங்கிய பெட்டியுடன் காட்பாடிக்கு ரயிலேறினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த பரிசோதனையில் தொற்றின் அடையாளமாக ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது தெரியவந்தது இப்படித்தான். அந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன்.

ரத்தம் கொடுத்தவர்கள் சென்னைக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்கள். தங்கள் ரத்தத்தில் எந்த நோயைத் தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விவரம் சொல்லி ஒப்புதல் வாங்காமல் ஒருவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. அவர் ஒப்புதல் இல்லாமல் முடிவை மற்றவர்களிடம் வெளியிடவும் கூடாது. அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத உரிமை இன்றைய இளைஞர்களின் கையில் இருக்கிறது. ஆனாலும் பரிசோதனை அறையின் வாசலை மிதிக்கப் பலரும் தயங்குகிறார்கள்.

“நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு டெஸ்ட்?” என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். பால்வினைத் தொற்றுகளின் தந்திரமே அந்த ‘நல்லா இருக்கேன்’தான். கிளமிடியா, வெட்டை, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் முற்றிலும் குணமாகக்கூடியவை. உலகம் முழுவதும் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிடம் இந்த நான்கும் நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புதிதாகத் தொற்றுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவற்றில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

சிபிலிஸையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் பிறப்புறுப்பிலோ வாயிலோ வலியில்லாத ஒரு புண் வரும். சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். வந்தவர் நிம்மதியடைவார், கிருமியோ உடலில் தங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியோடு தீர்ந்துபோகிற நோய் இது. கிளமிடியா வேறு விதம். பல பெண்களுக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளுக்குள் கருக்குழாயைக் கெடுத்துவிடும். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, குழந்தை இல்லையே என்று மருத்துவமனைப் படியேறும்போதுதான் சிலருக்கு விஷயம் விளங்குகிறது.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு எப்படியும் ஒரு பரிசோதனை நடந்துவிடுகிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு தருணமே வருவதில்லை. அந்த இடைவெளியில் புகுந்துகொள்கிறார்கள் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுபவர்களும், லாட்ஜில் அறையெடுத்து ‘மேகநோய்’க்கு மருந்து விற்பவர்களும். அவர்கள் பிழைப்பதே நம் பிள்ளைகளின் வெட்கத்தை வைத்துத்தான். ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டியும் நோய் போகாமல், வீட்டில் வாய் திறக்கவும் முடியாமல் தவிக்கும் ஒரு பையனை நினைத்தால் மனம் பதறுகிறது.

இத்தனைக்கும் சரியான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். உள்ளே ஆலோசகர் ஒருவர் முதலில் தனியாகப் பேசுவார். பரிசோதனை எதற்கு, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன என்பதை விளக்குவார். பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது. பதினெட்டு வயது நிறைந்தவர் தனியாகவே போகலாம். அம்மா, அப்பா கையெழுத்து தேவையில்லை. எச்.ஐ.வி. இருப்பதாக முதல் சோதனை காட்டினால், வேறு இரண்டு சோதனைகளிலும் உறுதியான பிறகே அப்படிச் சொல்வார்கள். புண், சீழ், எரிச்சல் போன்ற தொல்லைகளுக்கு ‘சுகவாழ்வு மையம்’ இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வகைத் தொல்லைக்கும் தனித்தனி நிறப் பெட்டியில் மருந்து தருகிறார்கள்.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அறிகுறியைப் பார்த்து மருந்து தரும் முறையில், அறிகுறியே இல்லாத கிளமிடியா தப்பித்துவிடும். அதற்குச் சிறுநீரிலோ சளிப்படல மாதிரியிலோ செய்யும் மரபணுச் சோதனை வேண்டும். தனியார் ஆய்வகங்களில் அது மலிவானதல்ல. அரசு இதை இலவசமாக எல்லா இளைஞர்களுக்கும் எட்டச் செய்தாக வேண்டும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஆணுறையில்லாத உறவுக்கு மறுநாளே ரத்தம் கொடுத்தால் எச்.ஐ.வி. தெரியாது. விரைவுச் சோதனையில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால், இடையில் ‘இல்லை’ என்று வந்தாலும் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் ஆபத்து நேர்ந்துவிட்டது என்று பயமிருந்தால் அந்த மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் 28 நாள் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. இருப்பது உறுதியானாலும், அதற்குச் சிகிச்சை தரும் அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசம். பலருக்கும் தினம் ஒரு மாத்திரை போதும். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது.

மற்ற தொற்றுகளில் துணையும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் குணமானால் மற்றவரிடமிருந்து அதே நோய் திரும்பி வரும். “நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ” என்று துணையிடம் சொல்வது எளிதல்ல. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதற்கும் நம்பிக்கை மைய ஆலோசகர்கள் உதவுவார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு அழைக்கலாம். அழைப்பு இலவசம், தமிழிலேயே பேசலாம்.