தேடத் தெரிந்தால்தான் கிடைக்கும்

டெங்கு காய்ச்சல் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருமாறு கல்லூரி மாணவர் ஒருவரிடம் கூறினால், அவர் முதலில் நாடுவது இணையத் தேடுபொறியை. அண்மைக் காலமாக, செயற்கை நுண்ணறிவுச் செயலியை. சில நொடிகளில் வந்து விழும் விடையே கட்டுரையாகிவிடுகிறது. அந்தத் தகவல் எந்த ஆய்விலிருந்து வந்தது, ஆய்வைச் செய்தவர் யார், அது இன்றும் ஏற்கத்தக்கதா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை.

அக்கேள்விகளுக்கு விடை தேட உதவுபவை அறிவியல் ஆய்வுத் தரவுத்தளங்கள். மருத்துவம், உயிரியல் துறைகளில் அவற்றுள் முதன்மையானது 'பப்மெட்'. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இத்தளத்தின் வேர், 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்னும் அச்சு அட்டவணையில் இருக்கிறது. 1996-இல் இணையத்துக்கு வந்து, 1997 முதல் உலகில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் தளமாக விளங்கும் பப்மெட்டில் இன்று 3.7 கோடிக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன.

இவ்வளவு பெரிய களஞ்சியத்தில் 'டெங்கு' என்று மட்டும் தேடினால் பல்லாயிரம் கட்டுரைகள் குவியும். அவற்றைப் பார்த்து மலைத்து வெளியேறும் மாணவர் மீண்டும் அங்கு வருவதில்லை. எனவே, தேடலுக்கு முன்பே கேள்வியைக் கூர்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். 'குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி எந்த அளவு பாதுகாப்பானது?' என்று கேள்வி அமைந்துவிட்டால் டெங்கு, தடுப்பூசி, குழந்தைகள், பாதுகாப்பு என்னும் தேடுசொற்கள் தாமாகவே கிடைத்துவிடும். இவற்றின் ஆங்கிலச் சொற்களை 'ஆண்ட்' என்னும் இணைப்புச் சொல்லால் கோத்தால் அனைத்தும் இடம்பெறும் கட்டுரைகள் மட்டும் வரும். 'ஆர்' என்று கோத்தால் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். 'நாட்' வேண்டாதவற்றை விலக்கும். பப்மெட்டில் இவற்றைப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும்.

ஒரே பொருளைக் குறிக்கப் பல சொற்கள் இருப்பது அடுத்த சிக்கல். மாரடைப்பைச் சிலர் 'ஹார்ட் அட்டாக்' என்பர். மருத்துவ நூல்கள் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்னும். இதற்காகவே பொருள்தலைப்புச் சொற்பட்டியல் ஒன்றை அந்நூலகம் 1960 முதல் பேணி வருகிறது. புற்றுநோய்க்கான எல்லாப் பெயர்களும் அதில் 'நியோபிளாசம்ஸ்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. இத்தலைப்புகளைக் கொண்டு தேடுபவரிடமிருந்து முக்கியமான ஆய்வுகள் நழுவுவது குறையும்.

கிடைத்தவற்றை ஆண்டு, ஆய்வு வகை வாரியாக வடிகட்டவும் வசதி உண்டு. துறைக்குப் புதியவர்கள், பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரைகளிலிருந்து தொடங்குவது நல்லது. சுருக்கத்தை மட்டும் படித்து முடிவுக்கு வருவது ஆபத்து. ஆய்வின் வரம்புகள் முழுக் கட்டுரையில்தான் தெளிவாகத் தெரியும்.

தரவுத்தளத்தில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை உண்மையாகிவிடாது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழுவினர் எழுதிய கட்டுரை 1998-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. 2010-இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆனால், அது விதைத்த அச்சம் இன்னும் அகலவில்லை. அக்கட்டுரையின் பதிவு பப்மெட்டில் இன்றும் உள்ளது. திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கையும் உடன் உள்ளது. செவிவழியாகக் கேட்பவருக்குத் தெரியாத அந்த எச்சரிக்கை, தேடிப் பார்ப்பவரின் கண்ணில் படும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நேரங்களில் இல்லாத கட்டுரைகளையே மேற்கோளாகக் காட்டுவதையும் இப்படித் தேடிப் பார்த்தே கண்டறிய முடியும்.

முழுக் கட்டுரைகளைப் படிக்கக் கட்டணம் தடையாக இருந்தது உண்மை. அதை நீக்கவே 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என விரிந்த திட்டம் இது. அரசுக் கல்லூரி மாணவருக்கும் உலகத் தரமான இதழ்கள் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. முதல் கட்டத்தில் இடம்பெறாத தனியார் கல்லூரி மாணவர்களுக்கு 'பப்மெட் சென்ட்ரல்', இயற்பியல், கணிதத் துறைகளுக்கான 'ஆர்க்சிவ்', இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்தளிக்கும் 'சோத்கங்கா' போன்ற கட்டணமில்லாத் தளங்கள் உள்ளன.

இதழ்களுக்குச் சந்தா கட்டிவிடலாம். தேடும் திறனைச் சந்தா கட்டிப் பெற முடியாது. இளநிலை முதலாண்டிலேயே சில மணி நேரம் ஒதுக்கி, நூலகரும் துறை ஆசிரியரும் சேர்ந்து இதைச் செய்முறைப் பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும். ஒப்படைப்புக் கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கும்போது, மாணவர் எங்கே, எந்தச் சொற்களால் தேடினார், எதை ஏன் விலக்கினார் என்பதையும் கேட்க வேண்டும். மக்களின் வரிப்பணத்தில் திறக்கப்பட்ட கதவின் வழியே மாணவர்கள் உள்ளே செல்வதற்கு, அந்தச் சில மணி நேரப் பயிற்சி இன்றியமையாதது.