மங்காவுக்கும் உண்டு முனைவர் பட்டம்

நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய வரலாற்று அறிஞரின் பெயரைத் தமிழ்நாட்டு வரலாற்று மாணவர்கள் நன்றாக அறிவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சோழர் காலக் கல்வெட்டுகளை அலசி, நிலம் யார் கையில் இருந்தது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1995இல் தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அதே கராஷிமாவை ஜப்பானிய வாசகர்கள் காமிக்ஸ் பாத்திரமாகவும் பார்த்திருக்கிறார்கள். 1983இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டிய ‘ஒய்ஷின்போ’ என்ற சமையல் மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், கறிக் குழம்பைப் பற்றிய ஒரு நீண்ட கதை வருகிறது. அதில் இந்தியாவைப் பற்றி விளக்கும் அறிஞராக, சொந்தப் பெயரிலேயே அவர் தோன்றுகிறார்.

கல்வெட்டுப் பேராசிரியர் ஒருவர் படக்கதைக்குள் வந்ததை அங்கே யாரும் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. மங்கா என்பது ஜப்பானில் பிள்ளைகளுக்கு மட்டுமான சரக்கு அல்ல. சமையல், மருத்துவம், அலுவலக அரசியல், அணுகுண்டு என்று பெரியவர்களின் உலகம் முழுவதும் அதில் உண்டு. சிறுவர்களுக்கான ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் மட்டுமே 1990களின் நடுவில், ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. இவ்வளவு பேர் வாசிக்கும் ஒன்றைப் பல்கலைக்கழகம் எத்தனை நாள்தான் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும்?

கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் 2006இல் மங்காவுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் கெய்கோ தாகெமியா. 1970களில் பெண்களுக்கான மங்காவின் போக்கையே மாற்றிய ஓவியர்களில் ஒருவரான அவர், 2014இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். அதே 2006இல் கியோட்டோ மாநகரமும் பல்கலைக்கழகமும் கைகோத்து, மாணவர் குறைந்து மூடப்பட்ட ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் மங்கா அருங்காட்சியகம் திறந்தன. சுமார் மூன்று லட்சம் இதழ்களும் நூல்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. வெயில் நாளில் வாசகர்கள் பள்ளி மைதானத்துப் புல்தரையில் படுத்தபடி படிக்கிறார்கள். ஆய்வாளர்களுக்குத் தனி வாசிப்பறை உண்டு.

வெளிநாடுகளிலும் ஜப்பானிய மங்கா, அனிமே, சினிமா பற்றிய ஆய்வு இன்று வளர்ந்துவிட்ட துறை. பிரெடெரிக் ஷாட் 1983இல் எழுதிய ‘மங்கா! மங்கா!’ ஆங்கில வாசகர்களுக்கு வாசலைத் திறந்தது. அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் பற்றிய சூசன் நேப்பியரின் நூல் 2001இல் வந்து பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டது. மிகப் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயன் காண்ட்ரி என்ற மானுடவியலாளர், அனிமே ஸ்டூடியோக்களிலேயே போய் உட்கார்ந்து கவனித்து 2013இல் ஒரு புத்தகம் எழுதினார்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது? படம் போட்டுப் பார்த்துவிட்டுக் கலைவதில்லை. 1954இல் வந்த ‘கோஜிரா’வை எடுத்துக்கொள்வோம். கடலுக்கடியிலிருந்து எழுந்து டோக்கியோவைத் துவைத்தெடுக்கும் ராட்சதப் பிராணியின் கதை. அந்தப் படம் வெளியானது நவம்பரில். அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, பசிபிக் கடலில் பிகினி தீவருகே அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் பொழிந்தது. கப்பலில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போன கூட்டம்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது. 1956இல் அமெரிக்காவுக்குப் போனபோது படத்தை வெட்டி, ஓர் அமெரிக்க நடிகரை நடுவே நுழைத்து, அணுகுண்டுப் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். மாணவர்கள் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்து, எங்கே கத்தரி விழுந்தது, ஏன் விழுந்தது என்று எழுத வேண்டும்.

பணக் கணக்கும் பாடம்தான். ஓர் அனிமே தொடருக்குப் பெரும்பாலும் ஒற்றை முதலாளி கிடையாது. பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம், இசை நிறுவனம் எல்லாம் கூட்டாகப் பணம் போட்டு ‘தயாரிப்புக் குழு’ அமைக்கின்றன. நஷ்டம் பிரிகிறது, லாபமும் அவர்களிடமே போகிறது. குழுவில் பங்கில்லாத ஸ்டூடியோவுக்குக் கூலி மட்டும்தான் மிஞ்சுகிறது. உலகமே கொண்டாடும் தொடருக்குப் படம் வரைகிறவர் குறைந்த சம்பளத்தில் ராப்பகலாக வேலை செய்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ரசிகர், அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்கிறார். மாணவரோ யார் பணம் போட்டது, யார் வரைந்தது, யார் வாங்கியது என்று கேட்டாக வேண்டும்.

இதே கேள்விகளை ஒரு தமிழ்ப் படத்துக்கும் கேட்டார்கள். 1995 தீபாவளிக்கு வந்த ரஜினியின் ‘முத்து’, 1998 ஜூனில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ‘சினிமா ரைஸ்’ தியேட்டரில் வெளியானது. அங்கே மட்டும் 23 வாரம் ஓடியது. பொருளாதாரத் தேக்கத்தில் சோர்ந்திருந்த மக்களுக்கு ஆட்டமும் பாட்டும் தெம்பு கொடுத்தன என்று பத்திரிகைகள் எழுதின. ஆய்வாளர் அந்த ஒரு காரணத்தோடு திருப்தியடைய மாட்டார். சிங்கப்பூரில் தற்செயலாக இந்தப் படத்தைக் கண்டெடுத்துக்கொண்டு போனவர் ஜுன் எதோகி என்ற ஜப்பானிய விமர்சகர். திரையிட்டது மாற்றுப் படங்களுக்குப் பேர்போன தியேட்டர். ஜப்பானில் வைத்த பெயர் ‘முத்து, ஆடும் மகாராஜா’. இவை எல்லாமும் கணக்கில் வர வேண்டும். திரைப்பட ஆய்வாளர் ஆஷிஷ் ராஜாத்யக்ஷா, இந்திய சினிமா எப்படி ‘பாலிவுட்’ என்ற பெரும் வணிகமாக மாறியது என்று 2003இல் எழுதிய கட்டுரையில், ஜப்பானில் ரஜினி ஓடிய கதையை எடுத்துக்கொண்டது இதனால்தான். இன்று அந்தக் கட்டுரை உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

இப்போது காற்று எதிர்ப்பக்கமாகவும் வீசுகிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமே தொடரின் ‘இன்பினிட்டி கேசில்’ படம் தமிழிலேயே பேசிக்கொண்டு நம் தியேட்டர்களுக்கு வந்தது. திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரில் ப்ளஸ் டூ படிக்கும் ஒருவர், அந்தத் தொடரின் பாத்திரங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பதில் இன்று ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதையே பட்டமாகப் படிக்க முடியுமா என்று அவர் கேட்டால், வழி இருக்கிறது. கொஞ்சம் சுற்று வழி.

இந்தியாவில் இந்த ஆர்வத்துக்கு நுழைவாயில் பெரும்பாலும் ஜப்பானிய மொழிப் படிப்புதான். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸிலிருந்து முனைவர் பட்டம் வரை உண்டு. தாகூர் நிறுவிய விஸ்வபாரதியில் 1954 முதல் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. இலக்கியம், சமூகம், ஊடகம் என்று மேல்வகுப்புகளில் திரும்பும்போது மங்காவையோ சினிமாவையோ ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். வரலாறு, சமூகவியல், காட்சித் தொடர்பியல் படித்தவர்களும் பின்னால் இதற்குள் வரலாம்.

ஜப்பானுக்கே போக நினைப்பவர்களுக்கு அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகை இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள். கல்விக் கட்டணம், மாதப் படி, விமானச் செலவு மூன்றும் அதில் அடக்கம். போட்டி கடுமை.

ஆனால் ஆசை மட்டும் போதாது. மங்காவை மூலத்தில் படிக்க ஹிராகனா, கதகனா என்ற இரண்டு வகை எழுத்தும், ஏறத்தாழ இரண்டாயிரம் சீன எழுத்துகளும் தெரிய வேண்டும். அனிமேயில் கேட்டுப் பழகிய பேச்சை அப்படியே பேராசிரியரிடம் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும். வேலை என்று பார்த்தால் மொழிபெயர்ப்பு, டப்பிங், விளையாட்டு மென்பொருள், ஜப்பானிய நிறுவனங்களில் இருமொழிப் பணி ஆகியவைதான் முதலில் கைக்கு எட்டுபவை. பேராசிரியர் வேலை சிலருக்கே வாய்க்கும்.

ஆய்வுத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. 1992இல் ஜப்பானியரான யுகோ சாகோவும் நம் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயண அனிமேஷன் படம், 2025 ஜனவரியில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. ஜப்பானிய ஓவியர்கள் வரைந்த ராமனைக் கம்பனைக் கேட்டு வளர்ந்த ஊர் எப்படிப் பார்த்தது என்ற கேள்விக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்தே களஆய்வைத் தொடங்கிவிடலாம். மொழிக்கோ சென்னை போதும். அங்கே ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. தொடக்க நிலைக்குப் பெயர் என்5. பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.