தேய்ந்த பாகத்தை மாற்றுமுன்

நம் நாட்டுப் போலீஸ் நிலையங்களின் ஆயுத அறைகளில் தலைமுறை தலைமுறையாக நின்று, 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரால் பாமர ஜனங்களுக்கும் பரிச்சயமாகிவிட்ட லீ-என்பீல்டு ரைபிள், 1895-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரவேசித்து, பின்னர் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் ஏராளமாக உற்பத்தியாகி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் உபயோகத்தில் இருந்தது. அவ்வளவு தீர்க்காயுள் அதற்கு வாய்த்ததென்றால், வடிவமைத்தவரின் மேதையோடு, தேய்ந்த பாகங்களை முறையறிந்து மாற்றிய, 'ஆர்மரர்' எனப்படும் ஆயுதப் பழுதுபார்ப்போரின் சிரத்தையும் அதற்குக் காரணம். அவர்களுடைய வேலையின் நுட்பத்தை அறியாமல், பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருப்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

விசையை இழுத்ததும் தோட்டாவின் வெடிமருந்து பற்றிக்கொண்டு, சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கும் அதிகமான அழுத்தத்தை எழுப்புகிறது. அந்த வேகத்தில் மெல்லிய பித்தளைக் கூடு விரிந்து, முன்பகுதி குழலறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கி உந்தப்பட்டு, குழலறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் தலையில் வந்து சாய்கிறது. போல்ட் தலை நெருங்கி நின்று தாங்கினால் கேடில்லை. பல்லாயிரம் முறை சுட்டதனால் உலோகம் தேய்ந்து அங்கே அனுமதித்த அளவுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தாலோ, பித்தளை இழுபட்டு, சில சமயம் இரண்டாக அறுந்து, அனல்வாயு பின்புறமாகப் பீறிட்டு வரக்கூடும். கன்னத்தைக் கட்டையோடு அணைத்துக் குறிபார்ப்பவரின் கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் சில அங்குலமே.

போல்ட் தலைக்கும், தோட்டாவின் விளிம்பு தங்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை 'ஹெட் ஸ்பேஸ்' என்பார்கள். இந்த ரைபிளுக்கு ராணுவம் வகுத்த எல்லை, குறைந்தது 0.064 அங்குலம், மிஞ்சினால் 0.074 அங்குலம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். ஆர்மரர் முதலில் தோட்டாப் பெட்டியை அகற்றி, குழலறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயித்துக்கொண்டு, கடினமான எஃகினால் செய்த அளவுக் கேஜை அறையில் வைத்து, போல்ட்டை மெதுவாக, சிறிதும் பலத்தைப் பிரயோகிக்காமல் மூடிப் பார்ப்பார். சிறிய கேஜின் மேல் போல்ட் மூடவேண்டும். பெரியதன் மேல் மூடவே கூடாது. மூடிவிட்டால், சரிசெய்யும்வரை அந்த ரைபிள் உடனே சேவையிலிருந்து விலக்கப்படும். 'நம்பர் 4' மாதிரியில் இதற்கென்றே போல்ட் தலைகளை 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் செய்து, ஒன்றுக்கொன்று அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கே நீளம் கூடும்படி வைத்திருந்தார்கள். தேய்மானம் ஏற ஏற அடுத்த அளவை மாட்டிச் சோதிப்பார்கள். 3-ஆம் அளவும் போதாமற்போனால், அந்த ரைபிளை மேலதிகாரியின் பரிசீலனைக்கு அனுப்பவேண்டியதே.

போல்ட்டின் உடலிலும் ரைபிளின் சட்டத்திலும் ஒரே எண் பொறித்திருப்பதை இந்த ரைபிளைக் கையாண்டவர்கள் அறிவார்கள். போல்ட்டின் பூட்டு முனைகள் அந்தச் சட்டத்தோடு இணைந்து அழுத்தம் சமமாகப் பரவும்படி சேர்க்கப்பட்டவை. வேறொரு ரைபிளின் போல்ட்டை எடுத்துச் செருகினால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், மூடவும் செய்யும், ஆனால் ஒரு முனை மட்டுமே பாரத்தைச் சுமக்க நேரலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோனோரே பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர், துப்பாக்கிப் பூட்டின் உறுப்புகளைக் கலந்து எடுத்து இணைத்துக் காட்டியதைப் பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜெபர்ஸன் கண்டு வியந்தது முதல், எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்ற நம்பிக்கை உலகில் வளர்ந்தது. அந்த நம்பிக்கை பல இடங்களில் நியாயமானதே. அழுத்தம் தாங்கும் பாகங்களில் மட்டும் அளந்து பார்க்காமல் அதை ஏற்கலாகாது.

விசையோடு இணைந்து ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்தாலும் அபாயம் உண்டு. அதை அரம் கொண்டு ராவிச் சரிசெய்ய முனைவது, லேசாகத் தட்டினாலே சுடும் துப்பாக்கியை உண்டாக்குவதாகும். புதிய கொக்கியைப் பொருத்தியபின் வெடிமருந்தில்லாப் போலித் தோட்டாவை வைத்து, பூட்டும் விசையும் நம்பகமாக நிற்கின்றனவா என்று பலமுறை சோதிக்கவேண்டும்.

குழலையும் பூட்டையும் பற்றி இங்கிலாந்து இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்கிறது. 1813-இல் சட்டத்தினால் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில், வழக்கத்துக்கு மேற்பட்ட பலமுள்ள தோட்டாவைச் சுட்டு, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவார்கள். பிற்பாடு வலிமை குறையும்படி எதையாவது மாற்றினால், விற்குமுன் மறுபடியும் சோதனைக்கு உட்படுத்தி முத்திரை பெறவேண்டும்.

நம் நாட்டிலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது குற்றம். ஆகவே, லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள், தேய்ந்த பாகத்தை மாற்றத் துப்பாக்கியை அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்போரிடமே ஒப்படைத்து, கேஜ் வைத்து அளந்த பிறகே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.