உஷார்! தொடாவிட்டாலும் நுழையும்

"தெரியாத லிங்க்கைத் தொடாதே" என்று வீட்டில் எல்லோரிடமும் ஓதிக்கொண்டிருந்தவன் நான். அந்த மந்திரம் 2019-லேயே செல்லாக்காசாகிவிட்டது.

இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் செய்யும் வேவு மென்பொருள் பெகாசஸ். 2016-இல் அமீரகத்து மனித உரிமைப் போராளி அகமது மன்சூருக்குக் குறுஞ்செய்தி வந்தது: சிறைச் சித்திரவதை பற்றிய ரகசியம், இந்த லிங்க்கில் பாருங்கள். அவர் தொடவில்லை, டொராண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். குட்டு உடைந்தது. அப்போது சுதாரிக்கவாவது ஒரு வாய்ப்பு இருந்தது.

2019-இல் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தாலே போதும். எடுக்கக்கூட வேண்டாம். சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். நம் நாட்டு வக்கீல்களும் பத்திரிகையாளர்களும் அதில் உண்டு. 2021-இல் ஐபோனுக்கு வந்தது இன்னும் மோசம்: கிஃப் படம் போல வேஷம் கட்டிய பி.டி.எஃப். கண்ணில் படாமலே வேலையை முடித்துவிடும். வாட்ஸ்அப்பின் குறியாக்கப் பூட்டெல்லாம் செய்தி போகும் வழிக்குத்தான் காவல். போனுக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பவனுக்கு அது எம்மாத்திரம்? மைக்கும் கேமராவும்கூட அவன் கையில்.

அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது நிறுவனம். (இதில் ஆறுதல் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.) வாங்கினீர்களா என்ற கேள்விக்கு நம் அரசு நேராகப் பதில் சொல்லவில்லை. இதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. 5-இல் தீய மென்பொருள் இருந்தது. பெகாசஸ்தானா என்பது உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022-இல் நீதிமன்றமே தெரிவித்தது.

"என்னை எவன் வேவு பார்ப்பான்?" என்பவரே, நீங்கள் பேசும் வக்கீலின் போனில் உங்கள் செய்தியும் இருக்கிறதே!

அப்டேட் வந்தால் அன்றைக்கே போடுங்கள், அந்தப் பி.டி.எஃப். ஓட்டையை அடைத்ததே ஐ.ஓ.எஸ். 14.8 அப்டேட்தான். தினமும் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள். இந்த ரகத்தில் பல அதோடு கழன்றுவிடும். பத்திரிகை, வழக்கு, போராட்டம் என்று இருப்பவர்கள் ஐபோனில் லாக்டவுன் மோடு என்ற கூடுதல் பாதுகாப்பை இயக்குங்கள்.

இன்னொன்று. "உன் போனில் பெகாசஸ் இருக்கிறது, பிட்காயின் அனுப்பு" என்று மிரட்டும் மின்னஞ்சல்கள் சுற்றுகின்றன. அது வெறும் பணம் பறிக்கும் கும்பல். காசு அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள்.